அம்மாவின் கண்ணும் பிள்ளைகளின் சம்மதமும்

எமது சங்கச் செய்திமடலில் இதுவரை நான் எழுதியவை வரவு செலவு அறிக்கைகள் மட்டுமே. இம்முறை பொதுப்பக்கத்திற்கும் ஏதாவது எழுதும்படி செயலாளர் அவர்கள் கேட்டதால், சில மாதங்களாக மனத்தில் கிடந்து உறுத்தும் ஒரு விடயத்தை உங்கள் முன் வைக்கிறேன். அது கண்ணைப் பற்றியது. நான் வைத்தியன் அல்லன்; ஒரு கணக்காளன். ஆகவே இதனை வைத்திய ஆலோசனையாக எவரும் கொள்ள வேண்டாம்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து மண்டபத்தில் அன்னதானம் நடைபெறும்போது எம்மவரிடையே அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அம்மாவுக்குக் கண் தெரியுதில்லை. லென்ஸ் வைச்சால் சரிவரும்தானே?" கேட்பவர் மீது குற்றமில்லை. எமது பெற்றோரில் எத்தனையோ பேர் கற்றராக்ட் என்று நாம் சொல்லும் கண்புரைக்கு லென்ஸ் வைத்தவர்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்பி, அடுத்த நாள் கட்டை அவிழ்த்ததும் "இந்தச் சுவர் இவ்வளவு வெள்ளையே!" என்று வியந்தவர்கள். அந்த அதிசயத்திற்கு வழி திறந்தவர் ஹரல்ட் றிட்லி என்ற ஆங்கிலேய வைத்தியர். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பேர்ஸ்பெக்ஸ் துகள்கள் புகுந்தபோதும் கண் அவற்றைப் பகைக்காமல் இருந்ததை அவர் கவனித்தார். அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்து, 1949 நவம்பரில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார்.

ஆனால் கண்புரை என்பது கண்ணின் முன்பக்கக் குறை. பழைய கமராவை நினைத்துக் கொள்ளுங்கள். லென்ஸ் மங்கினால் மாற்றலாம். பின்னால் இருக்கும் பிலிம் பழுதானால் எந்த லென்ஸைப் போட்டாலும் படம் விழாது. கண்ணின் பிலிம் விழித்திரை. அதன் நடுவில் சில மில்லிமீற்றர் அகலமான ஓர் இடத்தை மஞ்சட்பொட்டு என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்போம். எழுத்து வாசிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருபவர் யார் என்று அறிவது எல்லாம் அந்தப் பொட்டின் வேலை. வயது காரணமாக அது தேய்ந்து போவதைத்தான் இங்குள்ள வைத்தியர்கள் மக்குலர் டீஜெனரேஷன் என்கிறார்கள். பார்வையின் ஓரம் இருக்கும், நடு போய்விடும். வாசற்படி தெரியும், வாசலில் நிற்கும் மகனின் முகம் தெரியாது. (சீனி வருத்தத்தாலும் இதே பொட்டு பழுதாகலாம், அது வேறு நோய், அதற்கு வேறு வைத்தியம்.)

இதில் உலர்ந்தது, ஈரமானது என இரு வகை. உலர்ந்தது ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்லத் தேயும். ஈரமானதில் விழித்திரையின் கீழ் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். சில கிழமைகளிலேயே பார்வையைக் கொண்டுபோய்விடும். இந்த வகைக்கு 2006 அளவிலிருந்து கண்ணுக்குள் போடும் ஊசிகள் பயன்பாட்டில் உள்ளன. அவை போன பார்வையைப் பெரும்பாலும் திருப்பித் தருவதில்லை, இருப்பதைக் காப்பாற்றுகின்றன. ஆகவே இங்கு நாட்கள் முக்கியம். கதவின் நேரான ஓரம் வளைந்து தெரிந்தாலோ, கோலத்தின் கோடு நடுவில் நெளிந்து தெரிந்தாலோ அடுத்த ஜீ.பி. தவணைவரை காத்திராமல் உடனே கண் பரிசோதகரிடம் போங்கள். இங்கிலாந்தில் 60 வயதிற்கு மேற்பட்டவர்களுக்குக் கண் பரிசோதனை இலவசம். ஈரவகை என்று சந்தேகித்து அனுப்பினால் 14 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது 2018-இல் வந்த நைஸ் அமைப்பின் வழிகாட்டல்.

இனி லென்ஸுக்கு வருவோம். ஊசியால் பயனில்லை என்ற நிலைக்கு வந்தவர்களுக்கு ஒரு லென்ஸ் உண்டு என்பது உண்மைதான். ஐசாக் லிப்ஷிற்ஸ் என்ற இஸ்ரேலியக் கண்வைத்தியர் உருவாக்கிய தொலைகாட்டி அது. நீளம் 4 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு பட்டாணி அளவு. கண்ணின் இயற்கை வில்லையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் இந்தக் குழாயைப் பொருத்துகிறார்கள். அது உருவத்தை 2.2 அல்லது 2.7 மடங்கு பெருப்பித்து விழித்திரையில் விழுத்தும். செத்துப்போன பொட்டையும் தாண்டி, அதைச் சுற்றி உயிரோடிருக்கும் பகுதியிலும் உருவம் பரந்து விழுவதால், முற்றாக மறைந்திருந்த முகத்தில் கண்ணும் மூக்கும் தெரியத் தொடங்கலாம். அமெரிக்காவில் 217 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், ஓராண்டின் முடிவில், தொலைகாட்டி வைத்த கண்களில் 67 வீதமானவை எழுத்துப் பலகையில் மூன்று வரிகளோ அதற்கு மேலோ கூடுதலாக வாசித்தன. அதே ஆட்களின் வைக்காத கண்களில் 13 வீதமே அவ்வாறு வாசித்தன. 2010-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தொலைகாட்டி வழியாகப் பார்க்கும் கண்ணுக்கு ஏறத்தாழ 20 முதல் 24 பாகை வரையான உலகமே தெரியும். ஆகையால் ஒரு கண்ணில் மட்டுமே வைப்பார்கள். மற்றக் கண்ணை நடப்பதற்கென்று விட்டுவிடுவார்கள். எமது கோயிலையே எடுத்துக் கொள்வோம். தீபாராதனையின்போது அம்பாளின் முகத்தைப் பார்ப்பது ஒரு கண். வீதி சுற்றும்போது முன்னால் போகும் குழந்தையில் இடிபடாமல் நடப்பது மற்றக் கண். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பார்க்க மாட்டா. எப்போது எதனைக் கேட்பது என்று மூளை பழக வேண்டும். அதற்கு ஒப்பரேஷனுக்குப் பின் பல தடவை பயிற்சிக்குப் போக வேண்டும். முதலில் வந்த தொலைகாட்டிக்குக் கண்ணில் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் கீற வேண்டியிருந்தது. கண்புரைக்கு இன்று 2, 3 மில்லிமீற்றர் போதும். (பின்னர் இதைவிடச் சிறிய கீறலால் வைக்கக்கூடிய வகையும் வந்திருக்கிறது.) கண்புரைக்கு ஏற்கனவே லென்ஸ் வைத்த கண்ணில் இத்தொலைகாட்டியை வைப்பதில்லை. எமது முதியோரில் பலர் இந்த ஒரு காரணத்தாலேயே விலக்கப்படுவார்கள். அவர்களுக்கென்று மேலதிகமாகச் செருகும் வேறு லென்ஸுகள் ஐரோப்பாவில் உண்டு. இவ்வகைச் சிறு லென்ஸுகளைப் பற்றி நைஸ் 2016-இல் சொன்னது இதுதான்: குறுகிய காலத்தில் சிலருக்குப் பார்வையும் வாழ்க்கைத் தரமும் மேம்படலாம், நீண்டகாலச் சான்று போதாது, விசேட ஏற்பாடுகளுடன் மட்டுமே செய்ய வேண்டும். 2025 ஒக்ரோபரில் பத்திரிகைகளில் பெரிதாக வந்த, விழித்திரையின் கீழ் வைக்கும் 2 மில்லிமீற்றர் சில்லு வேறொன்று. அது லென்ஸ் அன்று.

செலவுப் பக்கத்தில் இன்னும் ஒரு பதிவு இருக்கிறது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் விழிவெண்படலத்தின் உட்புறத்தில் ஒரு படை கலங்கள் உண்டு. அவைதான் அந்தக் கண்ணாடியைத் தெளிவாக வைத்திருப்பவை. அவை பிறந்தபோது கிடைத்த முதல். செலவானால் மீண்டும் வளரா. மேற்சொன்ன பரிசோதனையில் ஓராண்டிற்குள் சராசரியாக நான்கில் ஒரு பங்கு கலங்கள் போயின. மிகக் குறைந்துபோனால் கண்ணாடி மங்கி, இன்னொருவரின் விழிவெண்படலத்தை வைத்துத் தைக்க வேண்டி வரலாம். இதனாலேயே அமெரிக்க அனுமதி முதலில் 75 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. 2014-இல் 65 ஆக்கினார்கள்.

இதனை நிதானமாக வாசியுங்கள். "வயது போட்டுது, இனி என்ன ஒப்பரேஷன்" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இங்கு கணக்குத் தலைகீழ். வயது குறைந்தவருக்குக் கூடாது. ஏனெனில் அவர் நெடுங்காலம் வாழ்வார், கலங்கள் அதுவரை தாங்கா. வயது போனவருக்கு ஆகும். ஏனெனில் கலங்கள் தீருமுன் ஆயுள் தீர்ந்துவிடும். எனது தொழிலில் இதற்குத் தேய்மானக் கணக்கு என்று பெயர். இயந்திரத்திற்கு எத்தனை வருடப் பாவனை மிச்சம் என்று கணித்து அதற்கேற்பச் செலவு செய்வது. இயந்திரத்திற்குப் போட்ட கணக்கை ஒரு தாய்க்குப் போடலாமா? முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னர் யோசித்துப் பார்த்ததில், கணக்கைப் போட்டவர்கள் நேர்மையானவர்கள் என்றே தோன்றியது. அவர்கள் மறைக்கவில்லை. நோயாளியும் வைத்தியரும் ஆபத்துகளை வாசித்து ஒப்பமிடும் உடன்படிக்கைப் பத்திரம் ஒன்றையும் கட்டாயமாக்கினார்கள். எனக்கு வந்த சிக்கல் வேறு இடத்தில். அந்தக் கணக்கில் இரண்டு எண்கள் நோயாளியின் கையில்தான் இருக்கின்றன: இன்னும் எத்தனை வருடம் இருப்பேன் என்று அவர் நினைக்கிறார், அந்த வருடங்களில் எதைப் பார்க்க விரும்புகிறார். இவ்விரண்டையும் அவரிடம் யாராவது கேட்க வேண்டும். எமது குடும்பங்களில் யார் கேட்பது?

வைத்தியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். மகனோ மகளோ மொழிபெயர்க்கிறார். "விழிவெண்படலம் பழுதாகுமுன் நீங்கள் போய்விடக்கூடும், அதனால் பரவாயில்லை" என்பதை எந்த மகன் தன் தாயின் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வான்? நானும் சொல்ல மாட்டேன். அந்த வாக்கியம் விழுங்கப்படும். "ஒண்டும் பயமில்லையாம் அம்மா" என்ற மூன்று சொற்கள் அதற்குப் பதிலாக வரும். அன்பினால்தான் அது நடக்கிறது. ஆனால் அம்மா எதற்குச் சம்மதித்தார் என்பது அம்மாவுக்கே தெரியாமற் போகிறது.

2010-இல் எனது அகதி விண்ணப்ப நேர்முகத்தில், கால் மணி நேரம் நான் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் நான்கு வாக்கியங்களில் முடித்தார். நல்ல மனிதர். எனக்கு உதவுவதாகவே நினைத்திருப்பார். விட்டுப்போனது எது என்பது மறுப்புக் கடிதம் வந்தபோது தெரிந்தது. மேன்முறையீட்டில் அதனைச் சரிசெய்ய மூன்று வருடங்கள் சென்றன. கண்ணில் வைத்த குழாய்க்கு அத்தகைய மேன்முறையீடு இலகுவில் கிடைக்காது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ஆம் ஆண்டின் மனத்தகுதிச் சட்டப்படி, வளர்ந்த ஒருவர் தாமே தீர்மானிக்கும் தகுதியுடையவர் என்றே முதலில் கொள்ள வேண்டும். அத்தகுதி உள்ளவரின் சிகிச்சைக்கு அவரது பிள்ளைகள் சம்மதம் கொடுக்க முடியாது. 2015-இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் மொன்ற்கொமறி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்கொட்லாந்தில் நீரிழிவுள்ள ஒரு தாய்க்குப் பிரசவத்தில் இருந்த ஆபத்தை வைத்தியர் சொல்லாமல் விட்டதும், 1999-இல் பிறந்த பிள்ளை பாதிக்கப்பட்டதும் பற்றிய வழக்கு அது. எந்த ஆபத்தைச் சொல்வது என்பதை வைத்திய வழக்கம் மட்டும் தீர்மானிக்க முடியாது. அந்த நோயாளியின் நிலையில் இருப்பவருக்கு எது முக்கியமோ அதைச் சொல்லியாக வேண்டும் என்று நீதிபதிகள் தீர்த்தார்கள்.

இதையெல்லாம் எமது சங்கத்தின் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, கையெழுத்து வெள்ளைக்காரன்ரை பழக்கம். எங்களுக்குக் குடும்பம்தான் தீர்மானம். தாலிக்கொடியை வித்து உன்னை அனுப்பேக்கை கொம்மா உன்னட்டைச் சம்மதப் பத்திரம் வாங்கினவவே?" அவரது கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஒப்பரேஷனுக்குப் பின் நாளுக்குப் பல தடவை கண்ணில் மருந்து விடுவது, பயிற்சிக்கு அழைத்துச் செல்வது, இரவில் எழும்பினால் கையைப் பிடிப்பது எல்லாம் பிள்ளைகள்தான். ஒப்பமிடும் கை ஒன்றாக இருந்தாலும் சுமப்பவர்கள் பலர். தீர்மானத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்பது எமது வாழ்க்கைக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு கம்பனியில் பங்கு வைத்திருப்பவர் அதே கம்பனிக்குக் கணக்காய்வு செய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பங்கு வைத்திருப்பதால் அவர் கெட்டவர் ஆகிவிடவில்லை. அறிக்கையை வேறொருவர் எழுத வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை அருகில் இருக்கட்டும், கையைப் பிடித்துக் கொள்ளட்டும். மொழிபெயர்ப்பை மாத்திரம் வேறொருவர் செய்யட்டும். என்.எச்.எஸ். வைத்தியசாலைகளில் கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். தவணை எடுக்கும்போதே கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். ஊரில் பாடசாலையில் தையல் படிப்பித்தவர். இன்றும் எல்லோருக்கும் ரீச்சர்தான். வயது 79. பிள்ளைகள் மூவர்: ஒருவர் இங்கே, ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் ஒஸ்லோவில். ரீச்சருக்கு இரண்டு கண்ணிலும் உலர்ந்த வகை முற்றிவிட்டது. மூவரும் பணம் சேர்த்து, தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் லென்ஸ் வைப்பதற்குப் பேசிவிட்டார்கள். அங்கு வைத்தியர் "எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவிடம் கேட்காமலேயே மகன் பதில் சொல்லியிருக்கிறார்: வாசிக்க, தைக்க. ஊரில் அம்மா எப்போதும் செய்ததை நினைத்துச் சொன்ன பதில்.

பின்னர் வைத்தியசாலையின் குறைபார்வைப் பிரிவிற்கு ரீச்சர் போனபோது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்திருந்தார். மகனுக்கு வேலை நாள் என்பதால் துணைக்குச் சென்றவன் நான். அதே கேள்வி கேட்கப்பட்டது. ரீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "படிக்கிறதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தேவாரம் எல்லாம் பாடம். கோயில்லை சனம் சிரிச்சுக்கொண்டு வருகுதாம். ஆரெண்டு தெரியாமல் நான் சிரிக்கேலாது. சிரிக்காட்டி, ரீச்சருக்குப் பெருமை பிடிச்சிட்டுதெண்டு கதைக்கினம்." இதைப் பிள்ளைகள் எவரிடமும் அவர் சொன்னதில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "அந்தக் குழாய் வைச்ச கண்ணாலை படி தெரியுமோ? படியிலை விழுந்தால் நான் பிறகு எழும்பமாட்டன்."

இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி. பின்னேரங்களில் மாடிப்படியில் பூச்சட்டை போட்ட சிறு பிள்ளைகள் வரிசையாக இருப்பது தெரிகிறதாம். பேசுவதில்லையாம். வீட்டில் சொன்னால் மண்டை பிழைத்துவிட்டது என்பார்கள், அல்லது நூல் கட்டக் கூட்டிப் போவார்கள் என்று அடக்கி வைத்திருந்தார். வைத்தியர் ஆச்சரியப்படவில்லை. பார்வை குறைந்தவர்களுக்கு, கண்ணிலிருந்து செய்தி வராத இடத்தை மூளை தானே படம் வரைந்து நிரப்புவது உண்டாம். 1760-இல் சார்ள்ஸ் பொனே என்ற சுவிஸ் நாட்டு அறிஞர் தம் பாட்டனாருக்கு வந்ததை எழுதி வைத்ததால் அதற்கு அவர் பெயர். மனநோய் அன்று. ரீச்சர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். அன்று அவருக்குக் கிடைத்த பெரிய சிகிச்சை அதுதான் என்று நினைக்கிறேன்.

முதியோர் வேண்டாம் என்று சொல்லும் முறைகளையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. "என்ரை வினை, விடுங்கோ" என்பது ஒன்று. "பிள்ளையளுக்குக் கரைச்சல்" என்பது இன்னொன்று. "விழுந்திடுவன் எண்டு பயம்" என்பது வேறொன்று. வெளியே மூன்றும் ஒரே மறுப்பாகத்தான் கேட்கும். முதலாவதை நாம் பக்தி என்று மதித்துவிட்டு விடுகிறோம். சிலவேளை அதற்குள் இரண்டாவது ஒளிந்திருக்கும். இரண்டாவதானால் அது மறுப்பே அன்று, பிள்ளைகளின் செலவைத் தாயே தன் பெயரில் எழுதிக் கொள்வது. மூன்றாவது, மேலே சொன்ன 20 பாகைக் கணக்கைத் தெரியாமலே சரியாகப் போட்ட அறிவு. "இந்த வயதிலை என்னத்துக்கு" என்று பேச்சை முடிக்கும் பிள்ளையும், "எவ்வளவு செலவெண்டாலும் வைப்பம்" என்று முன்பணம் கட்டும் பிள்ளையும், அம்மாவிடம் இதைப் பிரித்துக் கேட்காதவரை ஒரே காரியத்தையே செய்கிறார்கள்.

ரீச்சரின் இடது கண்ணில் ஊரிலேயே கண்புரைக்கு லென்ஸ் வைத்தாயிற்று. ஆகவே தொலைகாட்டி வைப்பதானால் வலது கண்ணில்தான் வைக்கலாம். வெளியே பிடித்துப் பார்க்கும் தொலைகாட்டியால் பயன் தெரிகிறதா என்று முன்கூட்டிச் சோதித்த பின்பே ஒப்பரேஷனைப் பற்றி யோசிப்பார்கள். குறைபார்வைப் பிரிவில் கைக்கு அடக்கமான ஒன்றை இரவலாகக் கொடுத்திருக்கிறார்கள். கடந்த சில வெள்ளிக்கிழமைகளாக மூன்றாவது வரிசைக் கதிரையில் அதைக் கண்ணில் பிடித்தபடி இருக்கும் அம்மாவை நீங்கள் கண்டிருப்பீர்கள். என்ன வேவு பார்க்கிறா என்று சிலர் கேட்டதும் என் காதில் விழுந்தது. அம்பாளின் மூக்குத்தி தெரிகிறதாம். குருக்கள் தீபத்தை அசைத்தால் தவறிவிடுகிறதாம், பிறகு தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதாம். எதிரே வந்த ஒரு பெண்பிள்ளையை அதனூடாகப் பார்த்து, தன்னிடம் படித்தவரின் மகள் என்று கண்டுபிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

தனியார் நிலையத்தில் குறித்த நாளைப் பிள்ளைகள் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து மகள் ஒவ்வோர் இரவும் எடுத்து என்ன முடிவு என்று கேட்கிறார். "யோசிக்கிறன், பிள்ளை" என்கிறார் ரீச்சர்.